அலவ் குடுத்தத திரும்ப வாங்கலாம்க்கா

ராஜபாளையம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி எழுதிருக்காங்க:

"எனக்கு 46 வயசு. வீட்டு முன்ரூம்ல 12 வருஷமா டெய்லர் கடை வச்சிருக்கேன், பிளவுஸ் சுடிதார் தான் அதிகம். ஓவர்லாக் மிஷின் வாங்கலாம்னு போன மாசம் ஒரு லோன் ஆப் போட்டேன். அது கேட்டதுக்கெல்லாம் அலவ் அலவ்னு அமுக்கிட்டேன், கடைசில வட்டியப் பாத்து பயந்துபோய் லோன் வாங்காமலே விட்டுட்டேன். இப்போ பையன் 'உன் ஃபோன்ல இருந்த எல்லாத்தையும் எடுத்திருப்பாங்க'ன்னு திட்றான். டார்ச் ஆப், போட்டோ ஆப்னு இன்னும் நிறைய கெடக்கு, எல்லாத்துக்கும் அலவ் தான். நாம பேசுறத கேட்டு விளம்பரம் போடுறாங்கன்னு வேற சொல்றாங்க. பேசாம பட்டன் ஃபோனுக்கே போயிரலாமான்னு இருக்கு. கஸ்டமருங்ககிட்ட இதச் சொல்லணுமா? சொன்னா அப்புறம் கடைக்கு வருவாங்களா?"

அக்கா, வணக்கம். நான் 11 வருஷமா ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற வேலைல இருக்கேன், அதனால அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியும். மொதல்ல ஒண்ணு, நீங்க செஞ்சதுல வெக்கப்பட எதுவும் இல்ல. ஒரு வேலை ஆகணும்னு ஆப் போடுறோம், நடுவுல ஒரு பெட்டி வந்து நிக்குது, அலவ் அமுக்கினா தான் அடுத்த பக்கம் போகும்ங்கற மாதிரி அத டிசைன் பண்ணி வச்சிருக்காங்க, மனுஷன் அமுக்கத்தான் செய்வான்.

இன்னொன்னும் சொல்லிடுறேன், அலவ் குடுக்குறது பத்திரத்துல கையெழுத்து போடுற மாதிரின்னு நெறய பேர் நெனைக்கிறாங்க, அது அப்படி இல்லக்கா, வீட்டுச் சாவிய குடுத்து வைக்கிற மாதிரி. எப்ப வேணாலும் திரும்ப வாங்கிக்கலாம். ஆனா சாவி அவன் கைல இருந்த நேரத்துல எடுத்துட்டுப் போன சாமான் போனது போனது தான். அதனால தான் அந்த லோன் ஆப்ப மொதல்ல பாக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்.

அவசரப்பட்டு அழிச்சிராதீங்க. ஆப்ப தொறந்து அது பேரு, எந்த பேங்க் இல்லன்னா எந்த ஃபைனான்ஸ் கம்பெனி பேர்ல கடன் தர்றதா போட்டிருக்கு, புகார் குடுக்க யார கூப்டணும்னு இருக்கற பக்கத்தையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பையன் ஃபோனுக்கு அனுப்பி வைங்க. அப்புறம் ஆப் படத்த கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா ஆப் இன்ஃபோன்னு வரும், அதுக்குள்ள போனா பர்மிஷன்ஸ்னு இருக்கும், கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், போட்டோ, லொகேஷன், மைக்னு என்னென்ன குடுத்திருக்கீங்கன்னு அங்கயே தெரியும், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு ஒவ்வொண்ணா டோன்ட் அலவ்னு மாத்துங்க. அதே பக்கத்துல கீழ போனா இந்த ஆப் ப்ளே ஸ்டோர்ல இருந்து வந்துச்சா இல்ல வேற எங்க இருந்தோ வந்துச்சான்னும் பெரும்பாலான ஃபோன்ல போட்டிருக்கும். இத கண்டிப்பா பாருங்க, ஏன்னா இதுல தான் பெரிய வித்தியாசமே இருக்கு.

ப்ளே ஸ்டோர்ல இருந்து போட்டதுன்னா கொஞ்சம் மூச்சு விடலாம். தனிநபர் கடன் குடுக்குற ஆப் எதுவும் கான்டாக்ட்ஸையும் போட்டோவையும் தொடக்கூடாதுன்னு 2023 மே 31ல இருந்து கூகுள் தடை போட்டிருக்கு. அதுக்கு முன்னாடியே, 2022 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு, கடன் ஆப் எதுவும் ஃபோன்ல இருக்கற ஃபைல், போட்டோ, கான்டாக்ட் லிஸ்ட், கால் ஹிஸ்டரி எதையும் எடுக்கக் கூடாது, கேமரா மைக் லொகேஷன் மட்டும் ஆள் யாருன்னு சரிபார்க்கறதுக்காக ஒரே ஒரு தடவ, அதுவும் நம்ம சம்மதத்தோட கேக்கலாம்னு. குடுத்த சம்மதத்த திரும்ப வாங்கிக்கவும், எடுத்த விவரத்த அழிக்கச் சொல்லவும் நமக்கு உரிமை இருக்குன்னு அதுலயே இருக்கு. அதனால ஆப்ல பேங்க் பேரோ ஃபைனான்ஸ் கம்பெனி பேரோ இருந்தா, குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில் போடுங்க, 'நான் கடன் வாங்கல, என் கணக்கையும் என்னப் பத்தின விவரத்தையும் அழிச்சிட்டு எனக்கு எழுத்துல தெரியப்படுத்துங்க'ன்னு ரெண்டு வரி போதும். பதில் வந்தப்புறம் ஆப்ப எடுத்துருங்க. எந்த பேங்க் பேரும் இல்லன்னா மெயிலுக்கெல்லாம் காத்திருக்க வேணாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்த கையோட அன்இன்ஸ்டால் தான்.

வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பின லிங்க்ல இருந்தோ, ஏபிகே ஃபைலாவோ (ப்ளே ஸ்டோர் இல்லாமலே ஆப்ப நேரா ஃபோன்ல போடுற ஃபைல்) வந்து போட்டதுன்னா விஷயமே வேற. கல்யாணப் பத்திரிக்கைன்னு ஒரு ஃபைல், போக்குவரத்து அபராதம்னு ஒரு ஃபைல் இப்படித்தான் சுத்துது, தொட்டா ஒரு ஆப் உள்ள உக்காந்துக்கும், எஸ்எம்எஸ் பர்மிஷன வாங்கிக்கும், அப்புறம் பேங்க்ல இருந்து உங்களுக்கு வர்ற ஓடிபி அவனுக்கும் போயிரும். அப்படி இருந்தா ஃபோன ஃப்ளைட் மோடுல போட்டுட்டு, பையன் ஃபோன்ல இருந்து பேங்குக்கு கூப்பிட்டு விஷயத்த சொல்லி கணக்கப் பாக்கச் சொல்லுங்க. செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்னு மூணு இடம் இருக்கும், அதுல இந்த ஆப் பேரு ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிட்டு தான் அன்இன்ஸ்டால் பண்ண முடியும், இல்லன்னா அழிக்க விடாது. என்னக் கேட்டா, போட்டோவையும் நம்பரையும் வேற இடத்துல எடுத்து வச்சுட்டு ஃபோன ஒரு தடவ முழுசா ரீசெட் பண்ணிருங்க, அப்புறம் யுபிஐ பின்ன மாத்துங்க. அந்த ஆக்சஸிபிலிட்டி இருக்கே, அது கண்ணு தெரியாதவங்க, கை சரியா அசைக்க முடியாதவங்க ஃபோன பயன்படுத்துறதுக்காக வச்சது, ஸ்கிரீன்ல இருக்கறத படிக்கும், அவங்களுக்குப் பதிலா தொடும். அவ்ளோ நல்ல விஷயத்தத் தான் திருடனுங்க பிடிச்சுக்கிட்டாங்க. கடன் ஆப்போ கேமோ அதக் கேட்டா அந்த எடத்துலயே நிறுத்திருங்க.

லோன் வாங்கலைன்னு சொன்னீங்க, இருந்தாலும் பேங்க் கணக்குல தெரியாத எடத்துல இருந்து பணம் வந்திருக்கான்னு ஒரு தடவ பாருங்க. கேக்காமலே 2000, 3000 போட்டுட்டு ஒரு வாரத்துல டபுளா கேக்கறது இவனுங்க பழக்கம். அப்படி யாராவது மிரட்டினா, உங்க போட்டோவ அசிங்கமா மாத்தி எல்லாருக்கும் அனுப்புவேன்னு சொன்னா, ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. குடுத்தா நிக்காது, அடுத்த கால் இன்னும் பெருசா வரும். சைபர் மோசடிக்கான உதவி நம்பர் 1930க்கு கூப்டுங்க, மாவட்ட சைபர் கிரைம் போலீஸ்ல புகார் குடுங்க, எடுத்து வச்ச ஸ்கிரீன்ஷாட் அப்போ தான் கை குடுக்கும்.

சரி, இப்போ மத்த ஆப்புக்கு வருவோம். நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு கம்பெனில நடந்தது ஒண்ணு சொல்றேன். சமையல் குறிப்பு மாதிரி ஒரு சாதாரண ஆப், அதுல கான்டாக்ட்ஸ் பர்மிஷன் சேக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன், இப்போதைக்கு எதுக்கும் இல்ல, பின்னாடி தேவைப்படலாம், இப்பவே வாங்கி வச்சிருவோம்னு பதில் வந்துச்சு. நானும் சின்னப் பையன், எழுதிக் குடுத்துட்டேன். எத்தன வீட்டு நம்பர் அதுல போச்சோன்னு இன்னைக்கும் உறுத்தும். அதனால உறுதியாச் சொல்றேன், ஒரு ஆப் கேக்குதுங்கறதால அதுக்குத் தேவைன்னு அர்த்தம் இல்ல. சில சமயம் ஆப் எழுதினவனுக்கே தெரியாது, விளம்பரம் காட்டுறதுக்காக வேற கம்பெனி எழுதின ஒரு ப்ரோக்ராம் துண்ட உள்ள சொருகிருப்பான், நாம ஆப்புக்குக் குடுக்குற பர்மிஷன் அந்தத் துண்டுக்கும் சேந்து தான் போகும்.

உங்க டார்ச் ஆப்ப எடுத்துக்கோங்க. 2013 டிசம்பர்ல அமெரிக்காவுல இதே மாதிரி ஒரு டார்ச் ஆப் மாட்டுச்சு, கோடிக்கணக்கான பேர் வச்சிருந்த ஆப், வெளிச்சம் அடிக்கிற வேலைய செஞ்சுக்கிட்டே ஆளு எங்க இருக்காங்கங்கற விவரத்த விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிட்டு இருந்துச்சுன்னு அந்த ஊர் அரசு அமைப்பே கேஸ் எடுத்தாங்க. இப்போ உங்க ஃபோன்ல மேல இருந்து விரல இழுத்தாலே டார்ச் இருக்கு, தனி ஆப்பே வேணாம், எடுத்துருங்க. கால்குலேட்டர், க்யூஆர் ஸ்கேனர், இதுக்கெல்லாம் தனியா போட்டிருந்தா அதையும் எடுத்துருங்க, எல்லாம் ஃபோனோடயே வருது.

ஆனா கேக்குற எல்லாரும் திருடன்னு நெனச்சு வேலைக்கு ஆகறதையும் கெடுத்துக்காதீங்க. யுபிஐ ஆப் எஸ்எம்எஸும் ஃபோனும் கேக்குதுன்னு பயப்படுற ஆளுங்கள நிறைய பாத்திருக்கேன். அங்க காரணம் நியாயமானது, நீங்க மொத தடவ பதியும்போது ஆப் உங்க சிம்ல இருந்து தானாவே ஒரு மெசேஜ் அனுப்பும், அது எந்த நம்பர்ல இருந்து வருதுன்னு பாத்துத் தான் இந்த ஃபோனும் இந்த சிம்மும் இந்தக் கணக்குக்காரங்களோடதுன்னு பேங்க் உறுதி பண்ணிக்குது, அதனால தான் உங்க கணக்க வேற ஒருத்தன் அவன் ஃபோன்ல சும்மா தொறந்துட முடியறதில்ல. அந்த பர்மிஷன் உங்களக் காக்குறது, குடுங்க. கான்டாக்ட்ஸ் கேட்டா மட்டும் யோசிங்க, நம்பர டைப் பண்ணியோ க்யூஆர் ஸ்கேன் பண்ணியோ அனுப்பிக்கலாம்.

அதே மாதிரி ட்ரெயின் எங்க வருதுன்னு பாக்குற 'வேர் இஸ் மை ட்ரெயின்' இருக்கு. பொண்ணோ பையனோ பொதிகைல சென்னைக்குப் போறப்போ வீட்ல இருந்தே பாக்குறதுக்கு உங்க லொகேஷன் தேவையே இல்ல. ஆனா நீங்களே வண்டிக்குள்ள இருக்கும்போது அது பக்கத்துல இருக்கற செல் டவர வச்சு எந்த ஸ்டேஷன் தாண்டிருக்குன்னு சொல்லும், நெட் இல்லாம கூட. அப்போ லொகேஷன் குடுங்க, ஆனா 'ஆப் யூஸ் பண்றப்போ மட்டும்'னு இருக்கற வரிய அமுக்குங்க, இல்ல 'இந்த ஒரு தடவ மட்டும்'னு குடுங்க. ரெண்டும் சும்மா வந்தது இல்லக்கா. 2015க்கு முன்னாடியெல்லாம் ஆப் போடும்போதே மொத்தமா ஒத்துக்கணும், இல்லன்னா ஆப்பே கெடையாது. ஆண்ட்ராய்டு 6ல தான் ஒவ்வொண்ணா கேக்கணும்னு வந்துச்சு, 'ஒரு தடவ மட்டும்' 2020ல ஆண்ட்ராய்டு 11ல வந்துச்சு, கொஞ்ச மாசம் தொடாத ஆப்போட பர்மிஷன ஃபோனே பிடுங்கிக்கறதும் அப்போ வந்தது தான். போலீஸோட காவல் உதவி ஆப்புக்கு மட்டும் லொகேஷன தயங்காம குடுங்க, ஆபத்துல நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்றது தான் அதோட வேலையே.

மைக்க வச்சு ஒட்டுக் கேக்குறாங்களாங்கறத சுருக்கமாச் சொல்லிடுறேன். அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி ஆளுங்க 2018ல 17,000க்கு மேல ஆண்ட்ராய்டு ஆப்ப சோதிச்சாங்க, நமக்குத் தெரியாம மைக்க ஆன் பண்ணி குரல அனுப்பின ஆப் ஒண்ணும் மாட்டல, ஆனா சில ஆப் ஸ்கிரீன்ல நாம செய்யறத வீடியோவா எடுத்து வெளிய அனுப்புனது மாட்டுச்சு. பட்டுப்புடவை பத்திப் பேசுனதும் பட்டுப்புடவை விளம்பரம் வருதேன்னா, நீங்க தேடல, பக்கத்துல இருந்த தங்கச்சி தேடிருக்கலாம், ஒரே வைஃபை, ஒரே ஊரு, ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் ஃபோன்ல, இத வச்சே கணக்கு போட்டுருவாங்க. ஆண்ட்ராய்டு 12 இல்ல அதுக்கு மேல உள்ள ஃபோன்னா கேமராவோ மைக்கோ ஓடும்போது மேல வலது மூலைல பச்சையா ஒரு புள்ளி வரும், நீங்க பேசாத நேரத்துல அது எரிஞ்சா மேல இருந்து இழுத்து அந்தப் புள்ளிய தொடுங்க, எந்த ஆப்னு காட்டும்.

இனி தான்க்கா முக்கியமான விஷயம், உங்க தொழிலுக்கே உரியது. போட்டோவும் கான்டாக்ட்ஸும். உங்க கேலரில என்ன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, பிளவுஸ் கழுத்து டிசைன் மட்டுமா இருக்கும்? அளவு நோட்டுப் பக்கம் இருக்கும், கஸ்டமர் போட்டுப் பாத்து 'இங்க லூசா இருக்குக்கா'ன்னு அனுப்பின போட்டோ இருக்கும், கல்யாணப் பொண்ணு முன்னாடி பின்னாடி நின்னு எடுத்தது இருக்கும். ஊர்ல பொம்பளைங்க புருஷன்கிட்ட கூட காட்டாத போட்டோவ டெய்லர் அக்காகிட்ட அனுப்புவாங்க, அவ்ளோ நம்பிக்கை. கான்டாக்ட்ஸும் அப்படித்தான், அதுல இருக்கற நம்பர் ஒண்ணு கூட உங்களோடது இல்ல. அந்த ரெண்டுக்கும் அலவ் குடுக்கும்போது நீங்க குடுக்குறது அடுத்தவங்களோடது. இத நான் குத்தமா சொல்லல, யாரும் யாருக்கும் சொல்லித் தரல அவ்ளோ தான்.

அதனால போட்டோ எடிட் பண்ற ஆப், கொலாஜ் ஆப் இதெல்லாம் கேலரி கேட்டா எல்லாத்துக்கும்னு குடுக்காதீங்க. ஃபோன் ஆண்ட்ராய்டு 14ஆ இருந்தா 'தேர்ந்தெடுத்த போட்டோ மட்டும்'னு ஒரு வழி இருக்கும், அந்த ரெண்டு டிசைன் படத்த மட்டும் தொட்டுக் குடுத்தா மத்தது அதுக்குத் தெரியவே தெரியாது. பழைய ஃபோன்னா வேலை முடிஞ்சதும் பர்மிஷன எடுத்துருங்க. கஸ்டமர் போட்டோவ துணி குடுத்து முடிச்சதும் அழிச்சிருங்க, அளவ நோட்டுலயே வைங்க, நோட்ட யாரும் ஆப் போட்டுத் திருட முடியாது. இந்த விஷயம் சட்டத்துலயே இருக்கு தெரியுமா? 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஒரு உதாரணம் குடுத்திருக்காங்க, ஃபோன்ல டாக்டரப் பாக்குற ஆப் ஒண்ணு கான்டாக்ட் லிஸ்டும் கேக்குது, அந்தம்மாவும் சரின்னு சொல்லிடுறாங்க, இருந்தாலும் வைத்தியத்துக்கு கான்டாக்ட் லிஸ்ட் தேவையில்லாததால அந்தச் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும் தான் செல்லும்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. தெரியாம அலவ் அமுக்கினவங்க பக்கம் நின்னு எழுதிருக்காங்க.

பட்டன் ஃபோனுக்குப் போகாதீங்க. கழுத்து டிசைன் யூடியூப்ல பாக்குறீங்க, வாட்ஸ்அப்ல ஆர்டர் வருது, யுபிஐல காசு வருது, அத விட்டா உங்க கடை தான் சுருங்கும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பையனோட உக்காந்து செட்டிங்ஸ்ல பர்மிஷன் மேனேஜர்னு தேடிப் போங்க. கான்டாக்ட்ஸ்னு தொட்டா எந்தெந்த ஆப் எல்லாம் வச்சிருக்குன்னு ஒரே லிஸ்ட்டா வரும், ஒவ்வொண்ணையும் பாத்து 'உன் வேலைக்கு இது எதுக்கு'ன்னு கேளுங்க, பதில் தோணலைன்னா எடுத்துருங்க. ஏதாவது வேலை நின்னுச்சுன்னா அந்த ஆப்பே திரும்ப கேக்கும், அப்போ குடுத்துக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது. பையன திட்டாம கூட உக்காரச் சொல்லுங்க.

மிஷினுக்கு கடன்னா ஆப் பக்கமே போக வேணாம்க்கா. தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல தையல் தொழிலும் இருக்கு, 35 வயசுக்கு மேல இருக்கணும், கடன்ல 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபா வரைக்கும் மானியம். மாவட்டத் தொழில் மையத்துல போய்க் கேளுங்க. அது தாமதமாகும்னா உங்க கணக்கு இருக்கற பேங்க்லயே முத்ரா கடன்ல சிஷுன்னு ஒரு பிரிவு இருக்கு, 50,000 வரைக்கும், அடமானம் கேக்க மாட்டாங்க. ஓவர்லாக் மிஷினுக்கு அது தாராளம்.

கஸ்டமருங்ககிட்ட சொல்லணுமான்னு கேட்டீங்க. மொதல்ல எடுத்த லோன் ஆப் பர்மிஷன் ஸ்கிரீன்ஷாட்ல கான்டாக்ட்ஸோ போட்டோவோ ஆன்ல இருந்துச்சுன்னா சொல்லுங்க. இல்லன்னா தேவையில்ல. கடைக்கு வருவாங்களான்னு பயப்படுறீங்க, எனக்கு அந்த பயம் புரியுது, ஆனா நாளைக்கு ஒருத்தன் அவங்களுக்கு போன் பண்ணி உங்க பேரச் சொல்லி அசிங்கமா பேசி, அப்போ தான் அவங்களுக்கு விஷயம் தெரியவந்தா அது தான் கஷ்டம். உங்க வாய்ல இருந்தே மொதல்ல வரட்டும். வாட்ஸ்அப்ல இப்படி போடுங்க: "என் ஃபோன்ல தெரியாம ஒரு லோன் ஆப் போட்டுட்டேன், இப்போ எடுத்துட்டேன். அது என்கிட்ட இருக்கற நம்பர எடுத்திருக்கலாம். நான் எந்தக் கடனும் வாங்கல. என் பேரச் சொல்லி யாராவது பணம் கேட்டாலோ போட்டோ ஏதாவது அனுப்பினாலோ பணம் குடுக்காதீங்க, எனக்கு உடனே கூப்டுங்க." கல்யாண ஆர்டர் குடுத்தவங்க, போட்டோ அனுப்பினவங்க, அவங்களுக்கு மட்டும் மெசேஜ் போடாம நேர்ல இல்லன்னா போன்லயே பேசிருங்க.